வேகமான ஸ்கேல் ஓட்டத்தில் விரல் தடுக்கினால்: அறிகுறி பார்த்து ஃபிங்கரிங்கைத் திருத்தும் வழி

பியானோ கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் தப்பான ஸ்வரத்தைத் திருத்தியதைவிடத் தப்பான விரலை நான் திருத்தியதுதான் அதிகம். எல்லோரும் சொல்லும் குறை ஏறக்குறைய ஒன்றே: "மெதுவாக வாசித்தால் வருகிறது, வேகம் கூட்டினால் சொதப்புகிறது." பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொண்டு அதே இடத்தை நூறு தடவை வாசிப்பார்கள். ஃபிங்கரிங், அதாவது எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்ற ஏற்பாடு, தப்பாக இருந்தால் நூறு தடவையும் அந்தத் தப்புத்தான் கைக்குள் ஏறும்.

மெதுவாக வாசிக்கும்போது எந்த விரலும் எந்தக் கட்டைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 தட்டு, ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் நொடிக்கு நான்குதான். 120-க்குப் போனால் நொடிக்கு எட்டு. அந்த வேகத்தில், கை அடுத்து எங்கே போகப்போகிறது என்பதை வைத்துத்தான் இப்போது எந்த விரல் என்று முடிவு செய்ய வேண்டும். கீழே வரும் திருத்தங்களில் பெரும்பாலானவை இதிலிருந்து பிறந்தவை.

உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியைத் தேடிப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலில் வரும், நேரமும் செலவும் பிடிக்கிறவை பின்னால் வரும். விரல் எண்கள் வழக்கம்போலத்தான்: இரண்டு கையிலும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

போனைக் கைக்கு மேலே தெரிகிற மாதிரி வைத்து, அந்த ஓட்டத்தை மூன்று தடவை வாசித்துப் படம் பிடியுங்கள். அப்புறம் மெதுவாக ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எந்த விரல் போனது என்று தாளில் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதாதீர்கள். "நான் 4-ஐத்தான் போடுகிறேன்" என்று சத்தியம் செய்கிறவர்கள் படத்தில் 3 போட்டிருப்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

மூன்று வரிசையும் ஒன்றாக இருந்தால் அடுத்த சோதனை: தடுக்கிய ஸ்வரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு, மூன்று ஸ்வரங்களின் விரல்களைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தடுக்கிய இடத்தையே திரும்பத் திரும்ப வாசிப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

இசைத்தாளில் அச்சான எண்களையும் ஒரு பார்வை பாருங்கள். அவற்றில் பல, இசையமைத்தவர் எழுதியவை அல்ல, பதிப்பாசிரியர் தன் கைக்கு ஏற்றபடி சேர்த்தவை. உங்கள் கைக்கு ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், அதில் குற்றமில்லை. பழைய ஆங்கிலேயப் பதிப்புகளில் இன்னொரு பொறி உண்டு: கட்டைவிரலுக்குக் கூட்டல் குறி போட்டு, ஆள்காட்டி விரலை 1 என்று எண்ணியிருப்பார்கள். எண்களே கையோடு பொருந்தாமல் விசித்திரமாகத் தெரிந்தால், தாளில் எங்காவது கூட்டல் குறி இருக்கிறதா என்று தேடுங்கள். 5 எங்குமே வராமல் 4-ஓடு நின்றால் சந்தேகமே வேண்டாம்.

அறிகுறி: ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் தடுக்குகிறது

படத்தில் மூன்று வரிசையும் மூன்று விதமாக இருக்கும். நீங்கள் இன்னும் ஃபிங்கரிங்கையே தேர்ந்தெடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒன்றை முடிவு செய்து பென்சிலால் எழுதுங்கள். எல்லா ஸ்வரத்துக்கும் எண் போட வேண்டாம், தாள் எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிடும், கண் எதையும் பிடிக்காது. கட்டைவிரல் விழும் இடங்களில் 1, நான்காம் விரல் விழும் இடத்தில் 4, முடிவு ஸ்வரத்தின் விரல். இவ்வளவு போதும்.

ஏன் 4? ஸ்கேல், அதாவது ஸ்வரங்கள் வரிசையாக ஏறி இறங்கும் ஓட்டம், நீளமாகப் போகும்போது ஒரு ஆக்டேவுக்கு (ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை போன்ற தூரம்) ஒரு தடவைதான் நான்காம் விரல் வரும். அது எந்தக் கட்டையில் விழும் என்று தெரிந்தால் மற்ற விரல்கள் தானாக இடம் பிடித்துக்கொள்ளும். வெள்ளைக் கட்டைகளின் பெயர்கள் சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி. ஷார்ப் என்றால் அதற்கு அடுத்த மேல் கட்டை, ஃப்ளாட் என்றால் அடுத்த கீழ்க் கட்டை. மேஜர் என்பது ஸ்கேலின் ஒரு வகை, முன்னால் வரும் பெயர் அது தொடங்கும் ஸ்வரம். வலது கைக்கு இதை வாய்ப்பாடு மாதிரி மனதில் வைத்துக்கொள்ளலாம்: சி, ஜி, டி, ஏ, இ, பி மேஜர்களில் 4 ஏழாம் ஸ்வரத்தில். எஃப் மேஜரிலும் ஃப்ளாட் உள்ள மற்ற மேஜர்களிலும் 4 எப்போதும் பி ஃப்ளாட்டில், கட்டைவிரல் எஃப்-இலும் சி-இலும். ஜி ஃப்ளாட்டில் மட்டும் சி-க்குப் பதில் சி ஃப்ளாட். இடது கையில் சி, ஜி, டி, ஏ, இ, எஃப் மேஜர்களுக்கு 4 இரண்டாம் ஸ்வரத்தில். பி ஃப்ளாட், இ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட் மேஜர்களுக்கு நான்காம் ஸ்வரத்தில். பி மேஜருக்கும் எஃப் ஷார்ப் மேஜருக்கும் எஃப் ஷார்ப் கட்டையில்.

எழுதிய பிறகும் விரல் மாறிக்கொண்டே இருந்தால், வேகத்தைப் பாதியாகக் குறைத்து, 4 வரும் இடத்தில் மட்டும் "நாலு" என்று வாய்விட்டுச் சொல்லி வாசியுங்கள். சின்னப் பிள்ளை வேலை மாதிரித் தெரியும். ஆனால் பத்து நாளில் தீராதது இரண்டு நாளில் தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: உச்சிக்குப் போகும்போது விரல் தீர்ந்துபோகிறது, அல்லது கட்டைவிரலில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது

நான் அதிகமாகப் பார்ப்பது இதைத்தான். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓட்டத்தின் தொடக்கத்திலிருந்து விரல் போட்டிருப்பீர்கள். முடிவிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

ஒரு உதாரணத்தைக் கட்டைக் கட்டையாகப் பார்க்கலாம். ஜி மேஜர், வலது கை, டி-யில் தொடங்கி ஏறி மேல் ஜி-யில் முடிகிற பதினொரு ஸ்வரங்கள்: டி, இ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி, சி, டி, இ, எஃப் ஷார்ப், ஜி. முதல் ஸ்வரம் வெள்ளைக் கட்டை என்பதால் கை தன்னையறியாமல் கட்டைவிரலில் தொடங்கும். 1-2-3-1-2-3-4-1-2-3 என்று அழகாக ஏறும். கடைசி ஜி-க்கு வந்ததும் பழக்கத்தில் மறுபடி கட்டைவிரல் விழும். உச்ச ஸ்வரம், அழுத்தமாக ஒலிக்க வேண்டியது, கைக்கு அடியில் நுழைந்த கட்டைவிரலில் போய் நிற்கிறது. மீதி நாலு விரலும் போக இடமில்லாமல் காற்றில் தொங்கும். மெதுவாக வாசிக்கும்போது இது தெரியவே தெரியாது.

இப்போது பின்னாலிருந்து போடுங்கள். மேல் ஜி-க்கு 5. அதற்கு முன் எஃப் ஷார்ப் 4, இ 3, டி 2, சி 1. அதற்கு முன் பி 3, ஏ 2, ஜி 1. அதற்கு முன் எஃப் ஷார்ப் 4, இ 3. அப்படியானால் தொடக்க டி-க்கு 2. முன்னோக்கி வாசித்தால் 2-3-4-1-2-3-1-2-3-4-5. ஆள்காட்டி விரலில் தொடங்குவது முதல் இரண்டு நாள் அந்நியமாக இருக்கும், அவ்வளவுதான்.

இதில் ஒரு கிளை உண்டு. ஜி-யோடு ஓட்டம் நின்றால் மேலே சொன்னது சரி. ஜி-க்கு மேல் இன்னும் ஒரு ஸ்வரம் தொட்டுத் திரும்புகிறதா? அப்போது உச்சம் ஏ, 5 அதற்கு. ஜி 4, எஃப் ஷார்ப் 3, இ 2, டி 1 என்று எல்லாம் ஒரு படி நகரும். ஆகவே கடைசி ஸ்வரத்தை மட்டும் பார்க்காமல், அதற்கு அடுத்த பாரின் (இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவிலுள்ள பகுதி) முதல் ஸ்வரம் வரை பார்த்துவிட்டுப் பென்சிலை எடுங்கள்.

இதை மோட்சார்ட் 1788-இல் எழுதிய சி மேஜர் சொனாட்டா கே. 545-இன் முதல் பகுதியில் சோதித்துப் பார்க்கலாம், தொடக்கநிலை மாணவர்கள் பலர் வாசிப்பதுதான். ஐந்தாம் பாரில் வலது கை ஏ-யிலிருந்து ஓர் ஆக்டேவ் ஏறி, மறுபடி ஏ-க்கு இறங்கும். அடுத்த பார் ஜி-யில் தொடங்கி அதேபோல ஏறி இறங்கும், அதற்கடுத்தது எஃப்-இல். ஏறுவது 1-2-3-1-2-3-4-5, சிக்கலே இல்லை. இறங்கும்போது பழக்கப்படி 5-4-3-2-1-3-2-1 என்று வந்தால், பார் முடிகிற ஏ-யில் கட்டைவிரல், உடனே அடுத்த பாரின் ஜி-க்கும் கட்டைவிரல் வேண்டும். ஒரே விரல் அடுத்தடுத்து இரண்டு கட்டை. ஒவ்வொரு பார்க் கோட்டிலும் ஒரு குலுக்கல் கேட்கும். மாணவர் அதைத் தாளக் குறை என்று நினைப்பார்.

தீர்வு ஒரே ஒரு விரலில் இருக்கிறது. இறங்கும்போது டி-யில் கட்டைவிரல் விழுந்ததும், சி-க்கு 3-க்குப் பதில் 4-ஐத் தாண்டிப் போடுங்கள். சி 4, பி 3, ஏ 2, அடுத்த பாரின் ஜி 1. கை வழுக்கிக்கொண்டு போகும். இத்தனைக்கும் 5-4-3-2-1-3-2-1 தப்பான ஃபிங்கரிங் இல்லை. ஸ்கேல் புத்தகத்தில் அதுவே சரி. இந்த இசையில், இந்த இடத்தில், அடுத்து ஜி வருவதால் அது உதவவில்லை.

பின்னோக்கிப் போட்டும் சிக்கினால், ஓட்டத்தின் முதல் ஒன்றிரண்டு ஸ்வரங்களை மற்ற கைக்குக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். இடது கை சும்மா இருக்கிற நேரமானால் கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். அதற்கும் வழியில்லை, உச்சியில் இன்னும் முட்டுகிறது என்றால் அந்த ஒரு பாரை ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். நேரில் கையைப் பார்க்கிறவருக்கு ஐந்து நிமிட வேலை.

அறிகுறி: எப்போதும் அதே இடத்தில், ஸ்கேலின் நடுவில் தடுக்குகிறது

அந்த இடத்தில் கட்டைவிரல் இருக்கிறதா? இருந்தால் அதன் இரு பக்கத்துக் கட்டைகளையும் பாருங்கள்.

கட்டைவிரலே கருப்புக் கட்டையில் விழுகிறதா? வேகமான ஸ்கேலில் முடிந்தவரை அதைத் தவிருங்கள். குட்டையான விரலைக் கருப்புக் கட்டைக்கு அனுப்பினால் கை முழுவதும் உள்ளே போய், மறுபடி வெளியே வர வேண்டும். விரல் வரிசையை ஒரு ஸ்வரம் முன்னோ பின்னோ நகர்த்தினால் கட்டைவிரல் பெரும்பாலும் வெள்ளைக் கட்டைக்கு வந்துவிடும்.

கட்டைவிரல் வெள்ளையில்தான் விழுகிறது, ஆனாலும் தடுக்குகிறதா? கை இடம் மாறும் கணத்தில் நீளமான விரல் கருப்புக் கட்டையில் இருந்தால் கட்டைவிரலுக்கு அடியில் தாராளமாக இடம் கிடைக்கும். இரண்டும் வெள்ளையில் இருந்தால் நெருக்கடி. பியானோ இசையமைப்பாளர் ஷோப்பேன் தன் மாணவர்களுக்கு முதலில் பி மேஜரைக் கற்றுக்கொடுத்து, சி மேஜரைக் கடைசிக்கு வைத்ததும் இதை ஒட்டித்தான். பி மேஜரில் நீண்ட விரல்கள் கருப்பில் இயல்பாக உட்காரும், கட்டைவிரல் வெள்ளையில் நிற்கும். சி மேஜர் கண்ணுக்குச் சுலபம், கைக்குச் சிரமம்.

இதை டி மேஜர் இடது கையில் நேரடியாக உணரலாம். வழக்கமான ஃபிங்கரிங் ஏறும்போது 5-4-3-2-1-3-2-1. கட்டைவிரல் ஏ-யிலும் டி-யிலும். அதன்மேல் தாண்டுகிற விரல் பி-யிலும் இ-யிலும் போய் இறங்குகிறது, இரண்டுமே வெள்ளை. மாற்று ஒன்று: டி 2, இ 1, எஃப் ஷார்ப் 4, ஜி 3, ஏ 2, பி 1, சி ஷார்ப் 3, டி 2. இங்கே இ-யில் கட்டைவிரல் இருக்கும்போது நான்காம் விரல் எஃப் ஷார்ப்புக்குத் தாண்டுகிறது. பி-யில் இருக்கும்போது மூன்றாம் விரல் சி ஷார்ப்புக்கு. இரண்டு தாண்டலும் கருப்புக் கட்டையில் போய் இறங்குகின்றன. இரண்டு விதத்தையும் பத்துப் பத்துத் தடவை மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். எல்லாருடைய கைக்கும் இரண்டாவது ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். நீளமான, வேகமான ஓட்டத்தில் பலருக்கு அது தடங்கலை உடனே நீக்கிவிடுகிறது.

தடுக்கும் இடத்தில் கட்டைவிரல் இல்லையா? அப்போது 3-4-5 விரல்களின் பலவீனமாக இருக்கலாம். அந்த மூன்று ஸ்வரங்களை மட்டும் நீளம்-குறுக்கம், பிறகு குறுக்கம்-நீளம் என்று தாளம் மாற்றி வாசியுங்கள். ஒரு வாரத்தில் முன்னேற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விரலை மாற்றுங்கள்.

இதில் செலவு அதிகமான திருத்தம், மாதக்கணக்கில் பழகிய ஃபிங்கரிங்கைக் கலைத்து வேறு போடுவது. கை பழையதை மறக்கப் பல வாரம் எடுக்கும், பதற்றம் வரும்போது பழையதே வெளியே வரும். தேர்வோ கச்சேரியோ இரண்டு வாரத்துக்குள் இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். இருக்கிற ஃபிங்கரிங்கோடு வேகத்தைச் சற்றுக் குறைத்து வாசித்துவிட்டு, மேடை இறங்கிய மறுநாள் மாற்றத் தொடங்குங்கள்.

அறிகுறி: கட்டைவிரல் விழும்போதெல்லாம் ஒரு குத்து கேட்கிறது

ஸ்வரம் எல்லாம் சரி, தடங்கலும் இல்லை. ஆனால் மூன்றுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று அழுத்தம் விழுந்து, ஸ்கேல் நொண்டுகிறது. வாசிக்கிறவர் காதுக்கு இது சீக்கிரம் எட்டாது. ஒலிப்பதிவு செய்து, அறையின் மறுமூலையில் உட்கார்ந்து கேளுங்கள்.

முதலில் நாற்காலி. முழங்கை கட்டைகளைவிடத் தாழ்ந்திருந்தால் மணிக்கட்டு கீழே தொங்கும், கட்டைவிரல் விழும்போது கையின் எடை முழுவதும் அதோடு சேர்ந்து விழும். உயரத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி வாசியுங்கள். சில பேருக்கு இதோடு முடிந்துவிடும்.

அடுத்து, கட்டைவிரல் நேரத்துக்குக் கிளம்புகிறதா என்று பாருங்கள். வலது கையில் 1-2-3-1 வாசிக்கும்போது, 2 அழுத்தியவுடனே கட்டைவிரல் நகரத் தொடங்க வேண்டும். 3 அழுத்தும்வரை அது பழைய கட்டையிலேயே தூங்கிக்கொண்டிருந்தால், கடைசி நொடியில் பாய்ந்துபோய் இடிக்கும். மிக மெதுவாக வாசித்து, கட்டைவிரலை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள்.

இதுவும் சரியாக இருந்து வேகத்தில் மட்டும் குத்து வருகிறதென்றால், கட்டைவிரலை அடியில் நுழைப்பதையே குறைக்க வேண்டியிருக்கும். ஒரு ஆக்டேவ் ஏறத்தாழ 16.5 சென்டிமீட்டர். அதைக் கட்டைவிரலை வளைத்து வளைத்துக் கடக்க முடியாது, முன்கை சீராக நகர்ந்து கொண்டுபோக வேண்டும். சோதனை இது: சி-டி-இ மூன்றையும் ஒரே நேரத்தில் கொத்தாக அழுத்துங்கள். கையைத் தூக்கி, எஃப்-ஜி-ஏ-பி நான்கையும் ஒரே கொத்தாக அழுத்துங்கள். அடுத்த சி-டி-இ, அப்புறம் எஃப்-ஜி-ஏ-பி. கொத்திலிருந்து கொத்துக்குத் தடுமாறாமல் போக முடிந்தால் கைக்கு இடம் தெரிந்துவிட்டது. தடுமாறினால் கோளாறு விரலில் இல்லை, முன்கை நகர்வதில் இருக்கிறது. கொத்துகளாகவே இரண்டு நாள் வாசித்துவிட்டு, பிறகு ஸ்வரங்களைப் பிரியுங்கள். வேகத்தில் கொத்துக்கு நடுவே உண்டாகும் நூலிழை இடைவெளி காதுக்குத் தெரியாது, குத்துதான் தெரியும்.

அறிகுறி: ஏறும்போது சரி, இறங்கும்போது குழம்புகிறது

வலது கை இறங்கும்போது கட்டைவிரலுக்கு மேலே 3 தாண்ட வேண்டுமா, 4 தாண்ட வேண்டுமா என்பதில்தான் குழப்பம். சி மேஜரில் மேல் சி-யிலிருந்து இரண்டு ஆக்டேவ் இறங்கினால் 5-4-3-2-1-3-2-1-4-3-2-1-3-2-1. மூன்று தடவையும் 3 போட்டால் அங்கேயே ஒரு விரல் குறைந்து, எல்லாம் நகர்ந்துவிடும். தாண்டும் இடங்களில் மட்டும் "மூணு, நாலு, மூணு" என்று சொல்லி இறங்குங்கள். இடது கைக்கு இது தலைகீழ், அதற்கு ஏறுவதில்தான் இந்தத் தொல்லை.

சொல்லியும் சரியாகவில்லையா? இறங்குவதை ஏறுவதன் தொடர்ச்சியாக மட்டுமே பழகியிருப்பீர்கள். உச்சியில் நேரடியாகத் தொடங்கி, இறங்குவதைத் தனியாகப் பழகுங்கள்.

அறிகுறி: தனித்தனியாக வருகிறது, இரண்டு கையும் சேர்ந்தால் கலைகிறது

சி, ஜி, டி, ஏ, இ மேஜர்களில் ஆக்டேவின் நடுவில் இரண்டு கையின் கட்டைவிரல்களும் வேறு வேறு இடத்தில் விழும். சி மேஜரில் வலது கைக்கு எஃப்-இல், இடது கைக்கு ஜி-யில். அதனால் ஒன்று இடம் மாறும்போது மற்றதும் கூடவே மாற முயலும். பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கிறது: மூன்றாம் விரல்கள் இரண்டும் ஒரே நேரத்தில் விழும். சி மேஜரில் இ-யிலும் ஏ-யிலும். அந்த இரண்டு ஸ்வரங்களில் நின்று, "மூணும் மூணும் சேர்ந்ததா?" என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

எஃப், பி, டி ஃப்ளாட், எஃப் ஷார்ப் மேஜர்களில் இரண்டு கட்டைவிரலும் ஒன்றாகவே விழும். இரண்டு கைச் சேர்க்கையை இவற்றில் தொடங்கிவிட்டு சி மேஜருக்கு வந்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

இசையில் வரும் ஓட்டம் இரண்டு கைக்கும் சேர்ந்து வருவதானால், சில நேரம் ஒரு கையின் ஃபிங்கரிங்கை மற்றக் கைக்காகத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும். எந்தக் கை விட்டுக்கொடுப்பது என்று புரியாவிட்டால் ஆசிரியரைக் கேளுங்கள். இதைத் தனியாக முடிவு செய்து பின்னால் கலைப்பதற்கு மாதங்கள் ஆகும்.

அறிகுறி: க்ரோமாடிக் ஓட்டம் மங்கிக் கலங்குகிறது

க்ரோமாடிக் என்றால் கருப்பு, வெள்ளை என்று ஒரு கட்டையும் விடாமல் வரிசையாக வாசிப்பது. வழக்கமான விதிப்படி கருப்புக் கட்டைக்கெல்லாம் 3, வெள்ளைக்கு 1, இரண்டு வெள்ளை அடுத்தடுத்து வரும் இடத்தில் 1-2. ஏறும் வலது கைக்கு இ 1, எஃப் 2. பி 1, சி 2. இடது கைக்கு இ 2, எஃப் 1; பி 2, சி 1. கலங்கலாகக் கேட்டால் முதலில் இந்த இரண்டு இடங்களைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் விரல் மாறிப்போயிருக்கும்.

விரல் சரி, வேகம் மட்டும் எட்டவில்லை என்றால் கட்டைவிரலின் வேலையைக் குறையுங்கள். மேலே சொன்னதில் வலது கைக்கு ஆக்டேவுக்கு ஐந்து தடவை கட்டைவிரல் விழுகிறது. இதை முயன்று பாருங்கள்: இ-எஃப்-எஃப் ஷார்ப் 1-2-3, ஜி-ஜி ஷார்ப்-ஏ-ஏ ஷார்ப் 1-2-3-4, பி-சி-சி ஷார்ப் 1-2-3, டி-டி ஷார்ப் 1-2. கட்டைவிரல் நான்கு தடவைதான், ஒவ்வொரு தடவையும் கருப்புக் கட்டைக்கு அடுத்து வருகிறது. கற்க நாளாகும். இரண்டு ஆக்டேவுக்கு மேல் நீளும் ஓட்டத்துக்கு மட்டும் இந்த மெனக்கெடல் போதும், சின்னதுக்கு வேண்டாம்.

அறிகுறி: சில ஸ்வரம் ஒலிக்கவே இல்லை

எல்லா ஸ்கேலிலும் அதே கட்டையா? அந்தக் கட்டையை ஒரே விரலால் வேகமாகப் பலமுறை தட்டுங்கள். பக்கத்துக் கட்டையோடு ஒப்பிடுங்கள். எழும்பத் தாமதித்தாலோ ஒட்டிக்கொண்டாலோ அது பியானோவின் கோளாறு. நீங்களாகத் திறந்து எண்ணெய் விடாதீர்கள், டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபிங்கரிங்கை மாற்றி இதைச் சமாளிக்கப் பார்த்தால் கை கெட்டுப்போகும்.

கட்டை சரி, இந்த ஓட்டத்தில் மட்டும் ஒலிக்கவில்லை என்றால் பெரும்பாலும் 4 அல்லது 5 முழுக்க இறங்கவில்லை. மேலே தாளம் மாற்றி வாசிக்கச் சொன்னதைச் செய்யுங்கள்.

அறிகுறி: ஓட்டத்தின் பாதியில் முன்கை இறுகுகிறது, அல்லது வலிக்கிறது

இறுக்கமும் வலியும் வேறு வேறு. இறுக்கம் மட்டும்தான் என்றால், இறுகத் தொடங்கிய ஸ்வரத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குச் சற்று முன்னால் விரல் அதிகமாக விரிந்திருக்கும், அல்லது கட்டைவிரல் கைக்கு அடியிலேயே தங்கியிருக்கும். அந்த இடத்தின் ஃபிங்கரிங்கை மாற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று விதம் மாற்றியும் இறுக்கம் போகவில்லை என்றால் அது கை அமைப்பின் கோளாறு, ஆசிரியர் நேரில் பார்க்க வேண்டியது.

வலியோ மரத்துப்போவதோ விரல் நுனியில் ஊசி குத்துகிற மாதிரி உணர்வோ இருந்தால் அன்றைக்கு மூடிவிடுங்கள். வலியோடு வாசித்துப் பழக்கிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சில நாள் ஓய்வுக்குப் பிறகும் திரும்பி வந்தாலோ, வாசிக்காத நேரத்திலும் இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். எந்த விரல், எந்த அசைவில், வாசிக்கத் தொடங்கி எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று எழுதி எடுத்துப்போங்கள். முதலில் எடுத்த அந்தப் படத்தையும் காட்டுங்கள், வாயால் விளக்குவதைவிட அது அவருக்கு உதவும்.